ஈய ஒட்டு

மயிலாப்பூர்
9 ஜூன் 2024

தேசிகனுக்கு ஆசீர்வாதம். இங்கு நானும் வைதேகியும் சௌக்கியம் என்று எழுதுவது மரியாதை. அவளுக்கு முழங்கால், எனக்கு முதுகு. நீ அங்கே சௌக்கியமா என்று கேட்பதும் மரியாதை. கேட்டுவிட்டேன்.

இரண்டு வருஷம் முன்பு அப்பா போனபோது வந்தாய். பதின்மூன்றாம் நாள் முடிந்ததும் வடோதராவுக்குத் திரும்பினாய். நடுவில் நாம் பேசியது வாத்தியார் கேட்ட கோத்திரமும் பெயர்களும்தான். தம்பிக்கு ஒரு போன் போட்டால் என்ன என்கிறாள் வைதேகி. போனில் என் குரல் உயரும். காகிதத்தில் உயராது.

விஷயம் அப்பாவின் ஃபியட். கை கால் ஓடியவரை ஞாயிற்றுக்கிழமைகளில் அதை லஸ் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்விட்டு வந்தார். நம் வீட்டை இடித்துக் கட்டிய இந்த ஃபிளாட்டில், கார் நிறுத்தும் இடத்தின் மூலையில் இப்போது அது நிற்கிறது. பெட்ரோல் டேங்க் ஒழுகுகிறது. அடியில் தட்டு வைத்தால் காலையில் பாதி நிறைந்திருக்கிறது. அசோசியேஷன் செக்ரட்டரி வெங்கடரமணன் என்னைப் படிக்கட்டில் பிடித்துக்கொண்டார். "சார், எவனாவது ஒரு பீடியைத் தூக்கிப் போட்டான்னா எல்லாரும் கூண்டோட கைலாசம். வருஷக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் எடைக்குப் போட ஆளைக் கூப்பிட்டுண்டு வந்துடுவேன்" என்றார். எனக்கு வைகுண்டமாவது சொல்லியிருக்கலாம்.

ஆர்.சி.யும் டிசம்பரோடு முடிகிறது. அது அப்பா பெயரில் இருக்கிறது. என் பெயருக்கு மாற்றினால்தான் புதுப்பிக்க முடியும். மாற்றுவதற்கு இன்னொரு வாரிசான உன் சம்மதம் வேண்டும். சம்மதப் பத்திரத்தை டைப் அடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

இந்த ஓட்டை வண்டி எதற்கு என்று நீ கேட்கலாம். அம்மா நினைவோடு கடைசியாக உட்கார்ந்த இடம் அதன் பின்சீட். ஆஸ்பத்திரிக் கட்டிலை நான் கணக்கில் வைப்பதில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஸ்ரீனிவாசராகவன்


மயிலாப்பூர்
14 ஜூலை 2024

தேசிகனுக்கு ஆசீர்வாதம். இங்கு வெயில் தணிந்தபாடில்லை, மற்றபடி குறை சொல்ல எனக்கு வேறு விஷயங்கள் இருக்கின்றன. அங்கே மழை தொடங்கியிருக்கும்.

ரிஜிஸ்டர் தபாலின் ஒப்புகைச் சீட்டு வந்தது. அதில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். உனக்குக் கையெழுத்துப் போட வருகிறது என்று தெரிந்துகொண்டேன்.

வண்டியில் பங்கு வேண்டுமென்றால் நேராகக் கேள். என்னிடம் யாரும் எதையும் நேராகக் கேட்பதில்லை, அதற்குப் பழகிவிட்டேன். எனக்குப் பின்னால் சேர்ந்த ஒருவன் காலேஜில் துறைத்தலைவராக உட்கார்ந்திருக்கிறான். அவனும் எதையும் நேராகக் கேட்டு வாங்கவில்லை.

ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன், இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆடி அமாவாசைக்கு முதல் நாள் வண்டியை எடுத்துக்கொண்டு தி.நகர் போனவன் நீ. உன் ஊர்ப் பயணத்துக்குச் சாமான் வாங்க. திரும்பி வந்து, "பத்து லிட்டர் போட்டிருக்கேண்ணா" என்று சாவியை மாட்டியவனும் நீ. மறுநாள் பகலில் அம்மாவுக்கு மார்வலி. நான்தான் ஓட்டினேன். பெட்ரோல் முள் என்றைக்குமே பாதியில் நிற்கும், அதை நம்பிப் பயனில்லை, உன்னை நம்பினேன். அடையாறு பாலத்தின் நடுவில் வண்டி நின்றது. டேங்கில் ஒரு சொட்டு இல்லை. கையை நீட்டி நீட்டி ஓர் ஆட்டோ நிற்பதற்குள் அம்மா கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள். சாயங்காலம் எல்லாம் முடிந்தது.

இதற்கு நீ சொன்ன ஒரே பதில், "போட்டேண்ணா." மறுபடி கேட்டபோது அதையும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாய்.

அப்படிப்பட்டவன் இன்றைக்கு ஒரு கையெழுத்துப் போட யோசிக்கிறாய்.

ஸ்ரீனிவாசராகவன்


வடோதரா
28 ஜூலை 2024

அண்ணாவுக்கும் மன்னிக்கும் அநேக நமஸ்காரம். நான் நன்றாக இருக்கிறேன். ஃபாக்டரியில் ஷிஃப்ட் மாற்றிவிட்டார்கள், தூக்கம்தான் கொஞ்சம் கெட்டுப்போகிறது. மன்னியின் முழங்காலுக்கு இங்கே ஒரு தைலம் கிடைக்கிறது. அனுப்பி வைக்கிறேன்.

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தரம் படித்தேன். உன் எழுத்து மாறவில்லை. "ஸ்ரீ" போடும்போது சுழிக்கிற சுழி அப்படியே அப்பாவுடையது.

டேங்க் பழசு அண்ணா. ஒட்டுப்போட்டால் நிற்காது. கழற்றிப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம். பழைய சாமான் கடைகளில் ஃபியட் டேங்க் கிடைக்கும், இங்கே ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கிடைத்ததும் லாரி பார்சலில் போட்டுவிடுகிறேன். அதுவரை வண்டியைத் தொடாதே. ராயப்பேட்டையில் அப்பாவின் வண்டியைப் பார்த்த மெக்கானிக் அக்பர் பாஷாவுக்கும் வயதாகியிருக்கும், அவரைத் தொந்தரவு செய்யாதே.

ஆடி அமாவாசை வருகிறது. அம்மா ச்ராத்தத்தை வழக்கம்போல நான் இங்கே செய்துவிடுகிறேன்.

தேசிகன்


மயிலாப்பூர்
11 ஆகஸ்ட் 2024

தேசிகனுக்கு ஆசீர்வாதம். தைலம் வந்தது. வைதேகி தடவிக்கொண்டாள், வீடெல்லாம் கற்பூர வாசனை. அதற்கு அவள் தனியாக உனக்கு ஆசி சொல்கிறாள். நான் தனியாக எதுவும் சொல்லவில்லை.

நான் கேட்டது கையெழுத்து. நீ அனுப்புவதாகச் சொல்வது டேங்க். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பத்திரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. இது உனக்குக் கைவந்த கலை. கேட்டதற்குப் பதில் சொல்லாமல், கேட்காததற்கு விழுந்து விழுந்து பதில் சொல்வாய்.

அம்மா ச்ராத்தம் ஆயிற்று. ஒரு தாய்க்கு இரண்டு ஊரில் இரண்டு பிண்டம். வாத்தியார் இந்த வருஷமும் கேட்டார், "தம்பி வரலையா?" என்று. வழக்கமான பதிலைச் சொன்னேன்.

பாஷாவைத் தொந்தரவு செய்யாதே என்று எழுதியிருந்தாய். அதனாலேயே மறுநாள் அவரிடம் போனேன். ஆள் அதேதான், தாடி மட்டும் வெள்ளை. வந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், பெட்ரோல் போடறீங்களா, வாசல் தெளிக்கிறீங்களா?"

"வேலையைப் பாருங்க பாஷா."

"பாக்கறேன் சார். ஆனா இப்ப கண்ணுல பொரை வுழுந்து கீது. ஆபரேசன் பண்ணிக்கினு வந்து எறங்கறேன். அரைக் கண்ணு வெச்சிக்கினு பெட்ரோல் டேங்குல நெருப்பு காட்டுனா, உங்களுக்கு டேங்கும் இருக்காது, எனக்கு தாடியும் இருக்காது."

அதனால் அக்டோபர்வரை காத்திருக்க வேண்டும். பத்திரத்துக்கு அந்தச் சாக்கு இல்லை. உன் கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

ஸ்ரீனிவாசராகவன்


வடோதரா
15 செப்டம்பர் 2024

அண்ணாவுக்கும் மன்னிக்கும் நமஸ்காரம். நடுவில் ஒரு வாரம் ஜுரம், இப்போது பரவாயில்லை. கஞ்சி வைத்துக்கொடுக்கப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், கவலைப்படவேண்டாம்.

பத்திரத்தை இந்த ஊர் முத்திரைத்தாளில் எடுக்கலாமா, தமிழ்நாட்டு முத்திரைத்தாள்தான் வேண்டுமா என்று ஒரு சந்தேகம். மந்தைவெளி ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரித்து எழுது. அவசரம் இல்லை, மெதுவாக எழுது.

டேங்க் ஒன்று பார்த்தேன். நல்ல நிலையில் இருக்கிறது. அடுத்த மாதம் அனுப்பிவிடுவேன். பழையதைத் திறக்காமல், அப்படியே கழற்றி எடைக்குப் போட்டுவிடச் சொல். இதை மட்டும் எனக்காகச் செய் அண்ணா.

காலேஜில் உன் துறைத்தலைவர் இன்னும் அதே ஆள்தானா? விவரமாக எழுது.

தேசிகன்


மயிலாப்பூர்
13 அக்டோபர் 2024

தேசிகனுக்கு ஆசீர்வாதம். நலம் விசாரிப்பதை இந்தத் தரம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

பாஷா கண் ஆபரேஷன் முடிந்து வந்தார். வண்டியில் இருந்த பெட்ரோலை வடித்து, ஆள் வைத்துத் தள்ளி, அவர் சந்துக்குக் கொண்டுபோனோம். நீ வேண்டாம் என்றதையெல்லாம் செய்தோம். நான் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டேங்கைக் கழற்றிக் கவிழ்த்து, அடியில் பூசியிருந்த தாரைச் சுரண்டினார். பாதியில் கை நின்றது.

"சார், இது என் கை."

"எது?"

"இந்த ஈயம். நான் வெச்ச ஒட்டு சார். உங்கம்மா தவறுனாங்கல்ல, அப்பால பெரியவரு இத்த ஆள் வெச்சி தள்ளிக்கினு வந்தாரு."

"அம்மா போனதுக்கு முன்னாடியா, அப்புறமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அப்பாலதான் சார். நான்கூட கேட்டேன். இன்னா சாமி, வூட்ல துக்கம், இப்ப வண்டிக்கு இன்னா அவசரம்னு. அவரு தரையப் பாத்துக்கினே சொன்னாரு. 'பத்து லிட்டர் போட்டான்யா என் புள்ளை. ஒரே ராத்திரில அத்தனையும் மண்ணுல எறங்கிடுத்து'ன்னாரு. ஒட்டு வெளிய தெரியக் கூடாது, மேல தார் பூசுன்னாரு. பூசுனேன்."

எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். ஏதோ கேட்டார், ஏதோ சொன்னேன். வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

டேங்கைப் பற்றவைக்கச் சொல்லவில்லை. அப்படியே கிடக்கட்டும் என்றேன்.

நீ ஏன் அதைத் திறக்காதே திறக்காதே என்று எழுதினாய்? உனக்குத் தெரியுமா? தெரியுமென்றால் எப்போதிலிருந்து? இதற்கு மட்டும், கேட்டதற்குப் பதில் எழுது.

ஜுரம் திரும்பி வந்ததா?

ஸ்ரீனிவாசராகவன்


மயிலாப்பூர்
10 நவம்பர் 2024

தேசிகனுக்கு ஆசீர்வாதம். தீபாவளி வந்து போயிற்று. எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். வைதேகி சௌக்கியம்.

உன்னிடமிருந்து கடிதமும் இல்லை, லாரி பார்சலும் இல்லை. டேங்க் இன்னும் பாஷா கடையில் கவிழ்ந்து கிடக்கிறது. டேங்க் இல்லாத வண்டி அவர் சந்தில் பாதி வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. "இன்னா சார், பண்ணவா வேணாவா, தெரு ஜனம் என்னைத் திட்டுது" என்கிறார். உன் கடிதம் வரட்டும் என்று நாள் கடத்துகிறேன்.

வெங்கடரமணன் காலி இடத்தைப் பார்த்துவிட்டு, வண்டியைத் தலைமுழுகிவிட்டேன் என்று நினைத்துக் கைகொடுத்தார். கொடுத்த கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எழுது.

ஸ்ரீனி


வடோதரா
24 நவம்பர் 2024

அண்ணாவுக்கு நமஸ்காரம். மன்னிக்கும் சொல். உடம்பு நன்றாக இருக்கிறது. எழுதாததற்கு உடம்பு காரணம் இல்லை.

எனக்குத் தெரியும். அந்த வருஷம், நான் இங்கே வேலைக்குப் புறப்பட்ட அன்றிலிருந்து தெரியும்.

என்னைச் சென்ட்ரலில் ரயிலேற்ற அப்பா மட்டும் வந்தார், ஞாபகம் இருக்கும். ரயில் கிளம்ப நேரம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். டேங்க் ஒழுகுவது அவருக்கு முன்பே தெரியுமாம். துணிக்குப் போடும் பார் சோப்பைத் தண்ணீர் படாமல் ஓட்டைமேல் அழுத்தித் தேய்த்துவிட்டால் ஒழுக்கு நிற்கும். பழைய வண்டிக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். தினமும் காலையில் வண்டிக்கு அடியில் படுத்துத் தேய்த்துவிடுவாராம். நம்மிடம் சொன்னால் வண்டியை விற்றுவிடு என்போம் என்று சொல்லவில்லையாம்.

அன்றைக்கு அமாவாசை. எழுந்ததும் ஸ்நானம் செய்து மடி கட்டிக்கொண்டுவிட்டார். வாசலுக்கு வந்தபோது வண்டிக்கு அடியில் மண் நனைந்திருந்ததைப் பார்த்தாராம். தர்ப்பணம் பண்ணாமல் அழுக்கில் போய்ப் படுக்க மனம் வரவில்லை. எல்லாம் முடிந்து சாப்பிட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே போய்விட்டார். தர்ப்பையை எடுத்து வைத்துக்கொண்டு வாத்தியாருக்காகக் காத்திருந்தபோதுதான் அம்மாவுக்கு வலி வந்தது. அந்தப் பதற்றத்தில் நீ சாவியை எடுத்ததையே அவர் கவனிக்கவில்லை. பிறகு பாஷாவை வைத்து ஒட்டுப்போட்டு, மேலே தார் பூசி மறைத்ததையும் சொன்னார்.

நான் சொன்னேன், "அண்ணாகிட்ட சொல்லிடுங்கோப்பா. என்மேல கோவமா இருக்கான்" என்று. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், சீனுவுக்குத் தெரிஞ்சா என்னை ஆத்துல வெச்சுக்க மாட்டான்டா. எனக்கு அவனை விட்டா போக்கிடம் ஏது? நீ எப்படியும் தூரப் போறே. கோவம் தூரத்துல இருக்கறவா மேலயே இருக்கட்டுமே."

ரயில் கிளம்பிவிட்டது. சரி என்று சொன்னேனா என்றுகூட எனக்கு நினைவில்லை. ஆனால் சரி என்றுதான் இத்தனை வருஷமும் நடந்துகொண்டேன்.

அவர் போன பிறகும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். கடைசிவரை அவரைத் தூக்கி உட்காரவைத்தவன் நீ. அந்தக் கையால் செய்ததெல்லாம் உனக்குக் கசந்துபோகவேண்டாம் என்று நினைத்தேன். டேங்க் பார்த்தேன் என்று எழுதியது பொய். எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

தேசிகன்


மயிலாப்பூர்
5 டிசம்பர் 2024

தேசிகனுக்கு,

ஆசீர்வாதம் எழுதப் பேனா வரவில்லை. எழுதியதாக வைத்துக்கொள்.

நீயும் அவரும் ஒரு ரயில்வே பெஞ்சில் உட்கார்ந்து, எனக்கு எது தாங்கும், எது தாங்காது என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். நான் வீட்டில் இருந்திருக்கிறேன். ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. இந்தக் குடும்பத்தில் பெரியவனாகப் பிறந்ததற்கு எனக்குக் கிடைத்தது இதுதான்.

வருஷம் தவறாமல் ஆடி அமாவாசையன்று சாப்பாட்டு இலையில் உட்கார்ந்து உன்னைத் திட்டியிருக்கிறேன். என்னென்ன வார்த்தை சொன்னேன் என்று உனக்கு எழுத மாட்டேன். அவர் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். முழுக்கக் கேட்டுவிட்டு, "வைதேகி, சாத்தமுது இன்னும் கொஞ்சம்" என்பார். இதுதான் என்னை விடவில்லை. அந்தச் சாத்தமுது.

கடைசி மூன்று வருஷம் அவருக்கு ஸ்பூனில் ஊட்டினேன். அந்த வாயைத் திறந்து ஒரு நாள் சொல்லியிருக்கலாம்.

வைதேகி சொல்கிறாள், "சொல்லியிருந்தா நீங்க வெச்சுண்டிருப்பேளா?" என்று. நிச்சயமாக வைத்துக்கொண்டிருப்பேன் என்றுதான் வாயில் வந்தது. சொல்லி முடிப்பதற்குள் குரல் பிசகிவிட்டது. என்னை எனக்குத் தெரியும். என்னை அவருக்கும் தெரிந்திருக்கிறது. பிள்ளையைப் பார்த்துப் பயந்த கிழவருக்கு இத்தனை நாள் சோறு போட்டிருக்கிறேன், பாசம் என்று நினைத்துக்கொண்டு.

நீயாவது அன்றைக்குத் தலையைக் குனியாமல் என்னோடு சண்டை போட்டிருக்கலாம். "போட்டேன், போட்டேன், போட்டேன்" என்று கத்தியிருக்கலாம். நான் நம்பியிருக்க மாட்டேன். இருந்தாலும் கத்தியிருக்கலாம்.

ஸ்ரீனி


வடோதரா
14 டிசம்பர் 2024

அண்ணாவுக்கும் மன்னிக்கும் நமஸ்காரம். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. அங்கே மழை எப்படி?

பத்திரம் இத்துடன் இருக்கிறது. நோட்டரி முன் ஜூன் மாதமே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அனுப்பத்தான் மனம் வரவில்லை. அனுப்பியிருந்தால் உன் கடிதம் ஒன்றோடு நின்றிருக்கும். திட்டித்தான் எழுதினாய், ஆனாலும் அநேகமாக மாதம் ஒன்று வந்தது. முத்திரைத்தாள் சந்தேகம்கூட அதற்காகக் கேட்டதுதான். மன்னித்துவிடு.

வருஷக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. வண்டியைக் காப்பாற்றிவிடு.

தேசிகன்


மயிலாப்பூர்
5 ஜனவரி 2025

தேசிகனுக்கு ஆசீர்வாதம். இங்கே மார்கழிப் பனி. வைதேகி விடிவதற்குள் எழுந்து திருப்பாவை சொல்கிறாள், நான் போர்வைக்குள்ளிருந்து கேட்கிறேன். உன் தூக்கம் சரியாயிற்றா?

பத்திரம் வந்த அன்றே பாஷாவிடம் போனேன். டேங்கைச் சலவைச் சோடா போட்டு வெந்நீரில் அலசி அலசிக் கொட்டினார். பிறகு கழுத்துவரை தண்ணீரை ரொப்பினார். நெருப்புக் காட்டப்போகிற சாமானில் தண்ணீர் எதற்கு என்றேன். "காலி டேங்குதான் சார் வெடிக்கும், உள்ள ஆவி நிக்கும்ல" என்றார். பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் பித்தளை வைத்துப் பற்றவைத்தார். மேலே தார் பூசவா என்று கேட்டார். வேண்டாம், தெரியட்டும் என்றேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே மந்தைவெளி வேலையும் முடிந்துவிட்டது. வண்டியைப் பார்த்த அதிகாரி, "நல்லா வெச்சிருக்கீங்க சார்" என்றார். வெங்கடரமணன் குனிந்து முகர்ந்து பார்த்தார். வாசனை ஏதும் இல்லாததில் அவருக்கு வருத்தம்தான்.

ஆக, உன்னிடம் நான் கேட்டு வாங்கவேண்டியது இனி எதுவும் இல்லை. நீ பயந்ததுபோல இந்தக் கடிதத்தோடு நிறுத்திவிடவும் என்னால் முடியும். நிறுத்தலாம் என்றுதான் பத்து நாள் எழுதாமல் இருந்தேன். சாப்பிட உட்கார்ந்தால் எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிறது. திட்டுவதற்கும் ஆள் இல்லை, கேட்பதற்கும் ஆள் இல்லை.

கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வராதே. அதை அப்பா மேல் வைப்பதா, உன் மேல் வைப்பதா, இல்லை வேறு எங்காவது வைக்கவேண்டுமா என்று இன்னும் முடிவாகவில்லை. ஆனால் தூரத்தில் இருக்கிறவன் மேல் வைப்பது சௌகரியம் என்று அவர் கண்டுபிடித்த வழி எனக்கு வேண்டாம். பக்கத்தில் வந்து இரு, பார்த்துக்கொள்ளலாம்.

தை பிறந்ததும் ரயிலுக்கு டிக்கெட் எடு. ஒரு வாரமாவது லீவு போடு. சென்ட்ரலுக்கு நான் வண்டியோடு வருகிறேன். வீட்டிலிருந்து அதுவரை வந்து சேருமளவுக்குத்தான் டேங்கில் வைத்திருப்பேன். திரும்பும் வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்துகிறேன். நீ இறங்கிப் பத்து லிட்டர் போடு. நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

சீனு